பாடு புஸ்தகம்

அந்தப் பெட்டியை எனக்குக் கொடுத்தவர் பழவேற்காட்டு பாய் ஒருவர். நைனாவிடம் இறால் வாங்கிப் பட்டணத்துக்கு அனுப்புகிறவர். நைனா என்றால் என் அப்பா. ஏரியைத் தாண்டினால் ஆந்திரா என்பதால் எங்கள் குப்பத்தில் பாதி வீடுகளில் அப்பாவுக்கு அந்தப் பேர்தான். பாயின் மருமகன் கப்பலில் வேலை பார்த்தார். யாரோ வெள்ளைக்காரர் கப்பலில் விட்டுவிட்டுப் போன சாமான்களோடு அந்த அட்டைப்பெட்டியும் வந்து சேர்ந்திருக்கிறது. "படிக்கிற பொண்ணாச்சே, நீயே வெச்சுக்கோம்மா" என்றார் பாய். எண்பதுகளின் தொடக்கம். பத்தாம் வகுப்பில் இங்கிலீஷில் கோட்டைவிட்டு நான் வீட்டில் உட்கார்ந்திருந்த வருஷம். குப்பத்துப் பெண்களில் இங்கிலீஷில் தோற்கிற அளவுக்குப் படித்தவள் நான் ஒருத்திதான் என்பதால் அந்த மரியாதை.

பெட்டிக்குள் இரண்டு ஒல்லிப் புத்தகங்கள், மடித்து வைத்த மேப்பு ஒன்று, குழி குழியாக ஒரு பிளாஸ்டிக் தட்டு. குழிகளில் ஒன்றும் இல்லை. மாத்திரை இருந்து தீர்ந்துபோயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். புத்தக அட்டையில் பெரிய ஓணான் ஒன்று நெருப்பைக் கக்கிக்கொண்டிருந்தது. அதற்கு எதிரில் தகரச் சட்டை போட்ட ஒருவன் கத்தியோடு நின்றான். முதல் சில பக்கங்கள் கிழிந்துபோயிருந்தன. அது என்ன புத்தகம் என்று சொல்லியிருக்கக்கூடிய பக்கங்கள் அவைதான்.

எனவே நானே ஒரு முடிவுக்கு வந்தேன்: இது ஏதோ ஒரு தேசத்து அரசாங்க வெளியீடு. வேறு யார் இப்படி எழுதுவார்கள்? எவ்வளவு சுமை தூக்கினால் ஒரு மனுஷன் எவ்வளவு தூரம் நடப்பான், ஒரு விளக்கு எவ்வளவு நேரம் எரியும், கூலியாளுக்கு எப்போது கோபம் வரும், வந்தால் ஓடிப்போவானா அடிக்க வருவானா, எல்லாவற்றுக்கும் கட்டம் கட்டி எண் போட்டிருந்தது. நடுவில் ஓரிடத்தில் நாடகம் மாதிரிப் பேச்சு வரும். நடுவர் என்று ஒருத்தர், 'கதவுக்கு அந்தப் பக்கம் ஏதோ உறுமுகிறது. என்ன செய்யப் போகிறீர்கள்?' என்று கேட்பார். நாலைந்து பேர் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். நடுவர் மறுபடியும் கேட்பார், என்ன செய்யப் போகிறீர்கள். அது போலீஸ் விசாரணை என்றுதான் நான் நம்பினேன். அடுத்தவன் குகைக்குள் புகுந்து சாமானை எடுத்திருக்கிறார்கள், கேட்டால் கூசாமல் ஒத்துக்கொள்கிறார்கள்.

ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்ததற்காகப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த அகராதி ஒன்று என்னிடம் இருந்தது. ஓடுகிற பெண்ணுக்கு எதற்கு அகராதி என்று கொடுத்தவர்களும் யோசிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அதை வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தேன். முதலில் வேறு வேலை இல்லாததால் படித்தேன். பிறகு அந்தப் புத்தகத்தை விட முடியாமல் படித்தேன். கதைப் புத்தகத்தில் ஒன்றுதான் நடக்கும், மற்றதெல்லாம் நடக்காமல் போய்விடும். இதில் சதுப்புக்குள் போனால் எண் போட்ட ஒரு கட்டையை உருட்டச் சொல்லியிருந்தது, ஒன்று விழுந்தால் பாம்பு, இரண்டு விழுந்தால் வழி தவறும், மூன்று விழுந்தால் பழைய படகு ஒன்று கிடைக்கும், நாலு விழுந்தால் ஒன்றுமில்லை. நான் நாலையும் படித்தேன். பாம்புக்கு எத்தனை முட்டை, அது தூங்கிக்கொண்டிருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதுவரை படித்தேன். சதுப்பு எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே இருந்தது. அங்கே என்றைக்கும் நாலாவதுதான் விழும்.

அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு எட்டிப் பார்ப்பாள். "இத்தினி படிக்கிறியே, கொழம்புக்கு எதுனா போட்டிருக்கானா?" என்பாள். போட்டிருந்தது, ஒரு வாரத்துக்குக் கெடாத ரொட்டி பற்றி. அதைச் சொன்னபோது அம்மா முகம் போன போக்கைப் பார்த்து மேற்கொண்டு நான் சொல்லவில்லை. சாபம், சங்கிலி, விஷம் தோய்த்த ஊசி என்று இங்கிலீஷில் எனக்கு ஏகப்பட்ட சொற்கள் சேர்ந்திருந்தன. மறுபரீட்சையில் லீவு கேட்டுத் தலைமையாசிரியருக்கு லெட்டர் எழுதச் சொன்னார்கள். அந்தச் சொற்கள் எதையும் பயன்படுத்தாமலே பாஸாகிவிட்டேன்.

நைனாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் அபிப்பிராயம் சொல்லத் தெரியும். ஒருநாள் மேப்பைத் தரையில் விரித்து வைத்திருந்தேன். ஏரி ஒன்று, அது கடலில் சேருகிற வாய், மேலே தேன்கூடு மாதிரி கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு எண். நைனா பீடியை அணைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"ஏரி. இது மொகத்தொரம். எடத்துக்கு எடம் நம்பர் போட்டுக்கிறான். கட்டைய உருட்டி விழுற நம்பர்னு சொன்ன இல்ல?"

"ஆமா."

"அப்புறம் இன்னா. இது வெள்ளைக்காரன் பாடு புஸ்தகம்."

பாடு என்பது எங்கள் ஊர் ஏற்பாடு. ஏரியில் இறால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி விழாது. முகத்துவாரத்தை ஒட்டி நீரோட்டம் வாகாக இருக்கிற சில இடங்கள்தான் இடம். அவற்றுக்காக அடித்துக்கொண்டு சாகாமல் இருக்க, சீட்டுப் போட்டு இன்னாருக்கு இன்ன இடம், இன்ன முறை என்று பிரித்துக்கொள்வார்கள். கல்யாணமான ஆம்பளைகளுக்கு மட்டும் உண்டு. படுகிற பாட்டுக்கும் அதே சொல்தான். பேர் வைத்தவர் ஏரிக்குப் போய்வந்த கையோடு வைத்திருக்க வேண்டும்.

அன்றிலிருந்து பொழுது சாய்ந்தால் நைனாவுக்குப் படித்துச் சொல்வது என் வேலை ஆயிற்று. கிடைத்ததைச் சமமாகப் பிரிக்கிற விதியைக் கேட்டுத் தலையாட்டினார். மந்திரக்காரனுக்கும் அதே பங்கு என்றபோது, "தண்ணில கால வெக்காதவனுக்கு இன்னாத்துக்குப் பங்கு?" என்று சண்டைக்கு வந்தார். அவருக்கு ரொம்பவும் பிடித்தது தண்ணீரில் முழுகுகிற விதி. தகரச் சட்டையோடு விழுந்தவன் எவ்வளவு நேரத்தில் அடிக்குப் போவான், சட்டையைக் கழற்ற எவ்வளவு நேரமாகும் என்று ஒரு பக்கம் முழுக்க இருந்தது. "தகரச் சட்டையப் போட்டுக்கினு எவன் படகுல ஏறுவான்" என்று கண்ணில் தண்ணி வரச் சிரிப்பார். "அந்த முழுகற சட்டத்த இன்னொரு தபா படி" என்பார். எத்தனை தடவை படித்தாலும் அதே இடத்தில் சிரிப்பார்.

அடுத்த தடவை லீவில் வந்த பாயின் மருமகன்தான் விஷயத்தை உடைத்தார். நான் படிக்கிறேன் என்று கேள்விப்பட்டுத் தமாஷ் பார்க்க வந்திருந்தார்.

"இது வெளாட்டும்மா. நாலு பேர் மேஜைய சுத்தி ஒக்காருவானுங்க. ஆளுக்கு ஒரு ஆள் வெச்சுக்குவானுங்க, வீரன், திருடன்னு. ஒருத்தன் நடுவர். அவன் கேப்பான், இவனுங்க சொல்வானுங்க, கட்டைய உருட்டுவானுங்க. அவ்ளோதான். நீ யாரோட ஆடற?"

"யாரோடயும் இல்ல. படிக்கிறேன்."

"ஆடாம படிச்சா? சமையல் புஸ்தகத்த படிச்சா வயிறு ரொம்பிடுமா?"

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கப்பலில் அத்தனை மாதம் அதே பெட்டியோடு இருந்துவிட்டு ஒரு பக்கம் புரட்டாத மனுஷன், படித்தவளைப் பார்த்துச் சிரிக்கிறார். ஆட்டம் என்றால் ஏதாவது ஒன்று விழும், ஒரு கதவுதான் திறக்கும். எனக்கு எல்லாக் கதவும் திறந்திருந்தது, தவிர உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவும் வேண்டாம். இதைவிட்டு ஆடுவதற்கு எனக்கென்ன பைத்தியமா? இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. டீ கொடுத்து அனுப்பினேன்.

நைனாவிடம் மட்டும் மறைக்காமல் சொன்னேன். அது பாடு புஸ்தகம் இல்லை, விளையாட்டு என்று. அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. "வெளாட்டுக்கு எவனாச்சும் முழுகிச் சாவறதுக்குச் சட்டம் எழுதுவானா? கப்பக்காரனுக்கு ஏரியப் பத்தி இன்னா தெரியும்?" என்று முடித்துவிட்டார். சரி, அவர் பாடு அவருக்கு என்று விட்டுவிட்டேன்.

மழைக்காலம் முடிந்த சமயம், வலையிலிருந்து திருக்கை மீனைப் பிரித்து எடுக்கும்போது அதன் வால்முள் நைனாவின் வலது உள்ளங்கையில் ஏறிவிட்டது. கை வீங்கித் தோள்வரை வந்தது. ஆஸ்பத்திரியில் கையைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். மடங்குவதை மட்டும் விரல்கள் மறந்துவிட்டன. மடங்காத கையால் வலைக்கயிறு இழுக்க முடியாது. அவருடைய பாட்டு முறை இரண்டு தடவை வந்து, ஆள் இறங்காமலே போயிற்று. இரண்டு தடவை அப்படிப் போனால் அடுத்த சீட்டில் பேர் கிடையாது என்பது ஊர் வழக்கம்.

பேர் போனால் என்ன ஆகும் என்று ஊருக்கே தெரியும். பாடு போன மனுஷனுக்கு ஊர்க்கூட்டத்தில் உட்கார இடமில்லை, கோயில் திருவிழாவுக்கு வரி கேட்டுக்கூட வரமாட்டார்கள். வரி கேட்காமல் விடுவதைப்போல அவமானம் எங்கள் பக்கத்தில் வேறில்லை. இன்னொருத்தன் படகில் கூலிக்குப் போகலாம் என்றால் கூலிக்கும் விரல் மடங்க வேண்டும். நைனாவுக்கு ஆண்பிள்ளை கிடையாது. நான் ஒருத்திதான், நானும் உட்கார்ந்து படிக்கிறவள்.

அம்மன் கோயில் வாசலில் சாயங்காலம் கூட்டம் கூடிற்று. ஊர்த் தலைவர் பதமாகத்தான் ஆரம்பித்தார்.

"இந்தக் கைய வெச்சிக்கினு நீ இன்னா பண்ணுவ? பாட்ட விட்டுக் குடுத்துடு. புதுசா கண்ணாலம் ஆன பசங்க காத்துனு இருக்கானுங்க."

நைனா எழுந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு வக்கீல் மாதிரி நின்றார்.

"தலைவரே, பங்காளி வேற, ஆள் வேற. பங்காளி ஒக்காந்துனு இருப்பான், ஆள்தான் எறங்குவான். ஆளுக்குக் கை போனா, உசுரே போனாலும், வேற ஆள எறக்கிக்கலாம். பங்காளி பங்காளிதான்."

"எந்த ஊர்ல இந்த வழக்கம்?"

"கடலுக்கு அந்தாண்ட. எம் பொண்ணு புஸ்தகமே வெச்சிருக்குது."

பெண்கள் நிற்கிற ஓரத்தில் அம்மா பக்கத்தில் நான் நின்றிருந்தேன். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். தலைவர் புத்தகத்தை எடுத்துவரச் சொன்னார். வீட்டுக்கு ஓடினேன். அகராதி அந்த ஓட்டத்துக்குத்தான் கொடுத்தார்கள் போலிருக்கிறது. திரும்பிவந்து, அதுவரை எந்தப் பெண்ணும் வசவு வாங்குவதற்குத் தவிர நிற்காத இடத்தில், ஓணான் படம் போட்ட புத்தகத்தோடு நின்றேன்.

படித்துப் படித்துத் தமிழில் சொன்னேன். இங்கிலீஷில் ஆட்டக்காரர் என்றுதான் இருந்தது. அந்த வார்த்தையை எடுத்திருந்தால் நைனாவின் கதை அங்கேயே முடிந்திருக்கும். நைனா சொன்ன மாதிரியே பங்காளி என்றேன். அதைவிடப் பொருத்தமான சொல் இன்றுவரைக்கும் எனக்குக் கிடைக்கவில்லை. நடுவரை ஊர்த் தலைவர் என்றேன், உருட்டுகிற கட்டையைச் சீட்டு என்றேன். மற்றபடி போட்டிருந்ததைத்தான் சொன்னேன். ஆள் செத்தால் பங்காளி புது ஆளைச் சேர்த்துக்கொண்டு அடுத்த தடவை வரலாம் என்று அதில் தெளிவாகவே இருந்தது.

கூட்டம் கேட்டது. சும்மா கேட்கவில்லை, நுணுக்கமாகக் கேட்டது. ஒருவர், "ஆள் முழுகிட்டா அவன் வலை யாருக்கு?" என்றார். கூடப் போனவர்கள் பிரித்துக்கொள்வார்கள் என்று தேடிப் படித்தேன். "சரியாத்தான் போட்டிருக்கான்" என்றார்கள். இன்னொருத்தர் கூலியாள் பாதியில் ஓடிப்போனால் என்ன என்று கேட்டார். அதற்கும் கட்டம் இருந்தது. அவருடைய கூலியாள் அந்த வாரம்தான் ஓடிப்போயிருந்தான். விளக்கேற்றுகிற நேரம் தாண்டியும் ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. ஆடாமல் படித்தால் என்ன கிடைக்கும் என்று கேட்ட மருமகன் அன்றைக்கு அங்கே இருந்திருக்க வேண்டும்.

கடைசியில் தலைவர் கேட்டார். "ஆளுன்னா யார வேணா போடலாமா? கணக்கு இருக்குதா?"

நான் வாசிப்பின் வேகத்தில் இருந்தேன். "எந்தக் குலமா இருந்தாலும் சரி, எந்தத் தொழிலா இருந்தாலும் சரி. ஆம்பளையா இருக்கலாம், பொம்பளையா இருக்கலாம்" என்றேன்.

தலைவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப ஊட்லயே ஆள் இருக்கச்சொல்ல, வெளியாள் எதுக்கு?" என்றார். "வர்ற முறைக்கு இதுவே எறங்கட்டும். வலை கட்டி, எடுத்துனு வந்துட்டா பாடு ஒனக்கு. இல்லன்னா இந்தப் பேச்ச அப்புறம் எடுக்கக் கூடாது. புஸ்தகத்துலயே போட்டிருக்குதே."

நான் நைனாவைப் பார்த்தேன். அவர் புத்தகத்தைப் பார்த்தார். அந்த வரியை அவருக்கு நான் படித்துக்காட்டியதே இல்லை, அதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை என்பதால்.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும் அம்மா பிடித்துக்கொண்டாள். "நல்லாப் படிச்ச. அந்த ஒரு வரிய உட்டுட்டுப் படிச்சிருந்தா வாயா வலிச்சிருக்கும்?"

முறை வந்தது. பிற்பகலில், ஏரித் தண்ணீர் கடலுக்கு வடியத் தொடங்குகிற நேரம் பார்த்துப் புறப்பட்டோம். பங்காளிக்கு ஒரு ஆள்தான் என்று தலைவர் கறாராகச் சொல்லிவிட்டதால் அம்மா கூலியாள் கணக்கில் வந்தாள். கோல் ஊன்ற எங்கே கற்றாள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நைனா படகின் கடைசிப் பலகையில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கரையில் பாதி ஊர் நின்றது. தலைவர் தன் படகைக் கொஞ்சம் தள்ளி நிறுத்திவைத்திருந்தார்.

நீரோட்டத்துக்குக் குறுக்கே கழிகள் நட்டு அதில் வலையைக் கட்ட வேண்டும். கழி நட்டதும் கட்டியதும் எப்படியோ நடந்தது. உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்துவிட்டன. கட்டி முடித்துப் படகில் ஏறி மூச்சு வாங்கும்போது காற்று மாறியது. வாடைக்காற்று சாத்திக்கொண்டு வந்தது. தண்ணீர் வேகம் எடுத்தது. ஓரத்துக் கழி ஒன்று சாயத் தொடங்கிற்று. என் முடிச்சு நெகிழ்ந்துகொண்டிருப்பது எனக்கே தெரிந்தது. அந்தக் கழி போனால் வலை சுருண்டுவிடும், வலை சுருண்டால் பாடு போய்விடும்.

நைனாவின் வலது கை தானாகவே கயிற்றுக்குப் போனது. கயிற்றின்மேல் பட்டது. விரல்கள் மடங்கவில்லை. அவர் கையைத் திரும்ப எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு என்னைக் கேட்டார்.

"இன்னா பண்ணப் போற?"

அந்தக் கேள்வியை எத்தனை தடவை படித்திருப்பேன். புத்தகத்தில் அதைக் கேட்டால் நாலைந்து பேர் சாவகாசமாக யோசிப்பார்கள், வாதம் செய்வார்கள், அரைப்பக்கம் ஓடும். எனக்கு எரிச்சலாக வந்தது, அழுகையும் வந்தது. நீங்களே சொல்லுங்களேன் என்று கேட்கத் திரும்பினேன். அவர் முகத்தைப் பார்த்ததும் கேட்கவில்லை.

"எறங்கறேன் நைனா" என்றேன்.

தண்ணீர் கழுத்து வரைக்கும் வந்தது. பாவாடை காலைச் சுற்றிக்கொண்டு இழுத்தது. ஒருதடவை கால் சேற்றில் நழுவி முழுகினேன். வாய் நிறைய உப்புத் தண்ணீரோடு எழுந்து கழியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அம்மா படகை என்மேல் மோதாமல் கோலால் தள்ளிக்கொண்டே, ஊரில் இருக்கிற அத்தனை சாமியையும், புத்தகம் கொடுத்த பாயையும் சேர்த்துத் திட்டினாள். நீரோட்டம் தணிகிறவரைக்கும் கழியைச் சாயவிடாமல் அப்படியே நின்றேன். இறால் பெரிதாக ஒன்றும் விழவில்லை. வலை மட்டும் முழுசாகக் கரைக்கு வந்தது. தலைவர் தன் படகிலிருந்து அதைப் பார்த்துவிட்டு, "சீட்டுல பேர் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று ராத்திரி கஞ்சி குடித்துவிட்டு, உரிந்த கைகளுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு வழக்கம்போல விளக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நைனா தன் இடத்தில் வந்து உட்கார்ந்தார். நானே புத்தகத்தை எடுத்து, அவருக்குப் பிடிக்குமே என்று அந்தப் பக்கத்தைத் திருப்பினேன்.

"அது வாணாம்" என்றார். "முழுகறது வாணாம். வேற எதுனா படி."

சதுப்பில் ஒன்றும் நடக்காமல் போகிற நாலாவது வரியைப் படித்தேன்.